கடைசி டேபிளுக்கு மட்டும் ஏன் காமெடி புரியல?

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, கம்பெனி ஆனுவல் டேக்கு ஸ்டாண்டப் காமெடி வச்சோம், முன்னாடி டேபிள்ல விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, கடைசில இருந்த எங்களுக்கு ஒரு வார்த்தை புரியல, சவுண்டை ஏத்தச் சொன்னா முன்னாடி இருக்கறவங்க காதைப் பொத்துறாங்க, என்ன பண்றதுன்னு.

தூரம் ரெண்டு மடங்கானா நேரா வர்ற சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கற அலகு) குறையும். செவுத்துல பட்டு வர்ற சத்தம் அவ்வளவா குறையாது, அதான் பின்னாடி இரைச்சல் மட்டும் கேக்குது. சரி, ஹால் நடுவுல இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வச்சிடலாம்னு தோணும். சும்மா வச்சா இன்னும் மோசம். ஒயர்ல சிக்னல் உடனே போயிடும், காத்துல சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர்தான், மேடைலேர்ந்து 17 மீட்டர் வர 50 மில்லிசெகண்ட் ஆயிடும். நடு ஸ்பீக்கர் முதல்ல பேசிடும், மேடை ஸ்பீக்கர் சத்தம் லேட்டா வந்து அதே வார்த்தை மேல ஏறி உக்காரும்.

அதனால நடு ஸ்பீக்கரை மிக்சர்லயே, அதாவது மைக் சத்தத்தை ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்பற மெஷின்லயே, 50 மில்லிசெகண்ட் தாமதமாக்கணும். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. இன்னும் ஒரு 10, 15 மில்லிசெகண்ட் கூட்டி வச்சீங்கன்னா, பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் சத்தமாவே பேசினாலும் மூளை அதைக் கண்டுக்காது, முதல்ல வந்தது மேடை சத்தம்ங்கறதால மொத்தமும் மேடைலேர்ந்தே வருதுன்னு முடிவு பண்ணிடும்! ஜெர்மனியில ஹெல்முட் ஹாஸ் 1949ல தன்னோட டாக்டர் பட்ட ஆய்வுல இதை அளந்து காட்டினாரு, கொஞ்சம் லேட்டா வர்ற சத்தம் 10 டெசிபல் அதிகமா இருந்தாலும் தனியா தெரியலையாம். யாரோ ஒருத்தர் லேட்டா வர்ற சத்தம் காதுல எப்படி விழுதுன்னு ஆராய்ஞ்சது இன்னிக்கு ஊரெல்லாம் மேடைல உதவுது, இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு காசு குடுக்க நாம யோசிக்கறது எனக்கு வருத்தமா இருக்கு.

மேடை போடற இடமும் முக்கியம். 30க்கு 15 மீட்டர் ஹால்ல குறுகலான பக்கம் மேடை போட்டா கடைசி மூலை 31 மீட்டர், நீளமான செவுத்து நடுவுல போட்டா 21தான். நான் போன ஒரு விழாவுல மேடை கிழக்கு பார்த்துதான் இருக்கணும்னு வாஸ்து சொல்லி குறுகலான பக்கமே போட்டாங்க, பாதி ஜனம் போனைப் பார்த்துட்டு இருந்துச்சு, அந்தப் பையன் மேடைல தவிச்சதை என்னால மறக்க முடியல.

தம்பி, வாடகைக்கு வர்ற டிஜிட்டல் மிக்சர்ல பெரும்பாலும் டிலே, அதாவது சத்தத்தை தாமதமாக்கற வசதி, இருக்கும். டேப் வச்சு மேடை ஸ்பீக்கர்லேர்ந்து நடு ஸ்பீக்கர் வரைக்கும் அளந்து, மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட்னு போட்டு, மேல அந்த 10ஐக் கூட்டிட்டு, கடைசி டேபிள்ல நீங்களே போய் உக்காந்து கேட்டுப் பாருங்க.