மேல்மாடியில் ஆள் இருக்கிறாரா?

கண்டியின் பழைய கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் ஜனவரியில் என்னைக் கூப்பிட்டார். இலக்கமிட்ட பலகைக் கதவுகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கும் கடை அது. "மூணு தடவ பூசியாச்சு தம்பி, நிக்கவே மாட்டேங்குது" என்று சுவரைக் காட்டினார். இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டினேன்; பொள்ளல் சத்தம். நோண்டிப் பார்த்தால் ஓர் அங்குலம் சீமெந்து, அதன் பின்னால் ஈரத்தில் மாவாகிப்போன செங்கல்.

அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் ஏறும். சுண்ணாம்புச் சாந்து அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். மாடியைத் தாங்கும் உத்திரத்தின் நுனி வரை போனால், மரம் இற்றுப்போகும்.

சீமெந்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1867இல் ரயில் வந்தபின் தோட்ட வியாபாரத்தால் தழைத்த ஊர் இது. கீழே கடை, மேலே குடும்பம். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருந்தவரைக் காத்தது. கிடைத்த சொற்ப வாடகையில் ஓடு மாற்ற உரிமையாளருக்கு மனம் வரவில்லை. 1983 ஜூலையில் இங்கே தமிழர் கடைகள் எரிந்தன. போன குடும்பங்கள் பல திரும்பவில்லை. ஆளில்லாத மாடியில் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்தால் யாருக்குத் தெரியும்?

1988இல் கண்டி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது முகப்புக்கு வெள்ளை அடித்துக் கோப்பிக் கடைகள் திறக்கிறார்கள். கோப்பி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளையும் ஈரத்தை வெளியே விடாத பிளாஸ்டிக் பெயின்ட்; மாடி இன்னமும் பூட்டித்தான் கிடக்கிறது.

ஐயாவிடம், "சுவர் இருக்கட்டும், முதலில் பீலியைப் பார்ப்போம்" என்றேன். உள்ளே ஒரு அரசங்கன்றே முளைத்திருந்தது. அதைப் பிடுங்கி, மழை குறைந்த பெப்ரவரியில் சீமெந்தை உளியால் எடுத்து, சுவரைச் சில வாரம் வெறுமனே ஆற விட்டோம். பிறகுதான் சுண்ணாம்பும் மணலும், மெல்லிய படைகளாக. சட்டென்று காயாமல் ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம். மேசன் பாஸுக்குப் பொறுமையில்லை. "கொஞ்சம் சீமெந்து கலந்தா சுருக்கா இறுகிரும் சேர்." கலந்தால் பழைய கதைதான். விடவில்லை.

மாடியை வாடகைக்கு விட ஐயா ரொம்பத் தயங்கினார். சித்திரை கழிந்து ஒரு தையற்காரர் குடும்பத்தோடு வந்தார். முதல் மழைக்கே, ஓடு ஒழுகுகிறதென்று கீழே இறங்கிவந்து சண்டை பிடித்தாராம். ஐயாவுக்குக் கோபம். எனக்குச் சந்தோஷம்.