மருதாணி எழுத்து: உடலிலா, அச்சிலா?

பெண் கவிகளின் வரிகளை வைத்துப் படவரிசை செய்பவர்கள் எந்த வரி என்று தேடுவதிலேயே மெனக்கெடுகிறார்கள். அதை எதன்மேல் எழுதுவது என்பதுதான் கடினமான முடிவு.

ஈரானில் பிறந்த ஷிரின் நேஷாத் 1993–97 படவரிசையில், அச்சிட்ட படத்தின்மேல் மையால் ஈரானியப் பெண் கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத்தின் கவிதைகளை எழுதினார். மொராக்கோவின் லல்லா எஸ்ஸாய்தி உடலிலும் துணியிலும் மருதாணியால் எழுதிவிட்டுப் படமெடுத்தார். அங்கே எழுத்தணி, அதாவது அழகெழுத்து, ஆண்களின் கலை, மருதாணி பெண்களுடையது. இரண்டையும் ஒரே கையில் சேர்த்ததுதான் அவருடைய துணிச்சல். சொல்பேச்சுக் கேளாத பெண்களை அடைத்துவைத்த தம் குடும்பத்துப் பழைய வீட்டிலேயே சில படங்களை எடுத்தார்.

உடலில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது நிறத்தில். மருதாணியைக் கழுவியதும் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். நன்றாகக் கறுக்க 48 மணி நேரம் ஆகும். உள்ளங்கையில் பிடிக்கும் அளவு முகத்திலோ தோளிலோ பிடிக்காது. பொறுமையில்லாமல் 'கறுப்பு மருதாணி'யை வாங்காதீர்கள். அதில் தலைச்சாயத்தில் வரும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கலாம். தோல் கொப்பளிக்கும், ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாடலின் தோலை வைத்து இந்தப் பரிசோதனை வேண்டாம். இரண்டு நாள் முன்பே எழுதுங்கள். இல்லையென்றால், மருதாணிக் குழம்பு உதிரும் முன் படமெடுத்துவிடுங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு நிறக்கூறை) ஏற்றினால் மருதாணி எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும். பச்சை, நீல சேனல்களில்தான் அது எழுந்து வரும். நீலத்தை அதிகம் கூட்டினால் தோலின் கறைகளும் கூடவே வரும்.

அச்சில் எழுதுவதென்றால் தோலுக்குச் சேதமில்லை, படத்துக்கு உண்டு. பளபளப்பான ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) தாளில் நீர் கலந்த மை முத்துமுத்தாகத் திரளும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் இன்னும் மோசம். பளபளப்பில்லாத (மேட்) பருத்தித் தாளில் மை கசியும். அச்சை ஒரு நாள் காயவிட்டு, வீணான துண்டில் முதலில் எழுதிப் பாருங்கள். நிறமி மைப் பேனா நல்லது, சாய மை வெளிறும். உள்ளங்கைக்கு அடியில் சுத்தமான தாள் வையுங்கள். பிழையை அழிக்க முடியாது. அதே படத்தில் உபரி அச்சுகள் இருக்கட்டும்.

இன்னொன்று: பாரசீகம் தெரியாத பார்வையாளருக்கு நேஷாத்தின் எழுத்து வெறும் அலங்காரம். நம் பார்வையாளர் தமிழைப் படித்துவிடுவார், எழுத்துப்பிழையோடு சேர்த்து.

உரிமை விஷயம். இந்தியாவில் கவிஞர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. எஸ்ஸாய்தி போலச் சொந்த வரிகளை எழுதினாலோ ஆண்டாளை எடுத்தாலோ யாரிடமும் கேட்க வேண்டாம். ஆண்டாளின் இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.