காலி வானத்தைக் குறிபார்த்துச் சுடுவது எப்படி?

போர் விமானப் படங்களில் தவறாமல் ஒரு காட்சி வரும். இருபது வயதுப் பையன், முதல் சண்டை, குறுக்கே பாயும் எதிரி விமானம் கண்ணாடியில் ஒளிரும் வளையத்தின் நட்ட நடுவில் வந்து உட்காரும், பையன் பொத்தானை அமுக்குவான், எதிரி புகை விட்டபடி விழுவான். நேர் பின்னாலிருந்து துரத்தினால் இப்படி நடக்கலாம். குறுக்கே போகிறவனை அப்படிச் சுட்டால் ஒரு குண்டுகூடப் படாது, எல்லாம் அவன் வாலுக்குப் பின்னால் காற்றோடு போய்விடும்.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இருந்த இயந்திரத் துப்பாக்கியின் குண்டு விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் கிளம்பும். சுடுகிற விமானத்தின் வேகமும் அதோடு சேரும், அப்புறம் காற்று கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். 230 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கைத் தொட ஏறக்குறைய 0.3 விநாடி. கண் சிமிட்டுகிற நேரம்தான், ஆனால் மணிக்கு 500 கிலோமீட்டரில் குறுக்கே போகும் ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதற்குள் 40 மீட்டர் நகர்ந்திருக்கும். அதன் நீளமே 9 மீட்டருக்குள்தான். ஆக, நாலைந்து விமான நீளம் முன்னால், ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். இந்தத் தூரத்தில் புவியீர்ப்பால் குண்டு கீழே இறங்குவது அரை மீட்டர்கூட இல்லை, அதை விட்டுவிடலாம்.

ஓடுகிறவனுக்குப் பந்து எறிவது போலத்தானே என்று கேட்கலாம். அதேதான், ஆனால் இங்கே எறிகிறவனும் வளைந்து வளைந்து பறந்துகொண்டிருக்கிறான், திருப்பத்தின் அழுத்தத்தில் தலையிலிருந்து ரத்தம் இறங்கி அவனுக்குப் பார்வை மங்குகிறது. போதாததற்குக் கோணம் ஏமாற்றும். எதிரி 90 பாகையில் குறுக்கே போனால் முன்னால் விட வேண்டிய இடைவெளி முழுதாக வேண்டும், 30 பாகையில் போனால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று மனம் சொல்லும், உண்மையில் பாதி வேண்டும் (பள்ளியில் படித்த சைன் 30 நினைவிருக்கிறதா?). இன்னொரு கொடுமை, ஸ்பிட்ஃபயரின் மூக்கு நீளம். இறுக்கமான திருப்பத்தில் எதிரிக்கு முன்னால் மூக்கை ஏற்றிப் பிடித்தால், அந்த மூக்குக்கு அடியிலேயே எதிரி மறைந்துவிடுவான். கண்ணுக்குத் தெரியாதவனை, அவன் இன்னும் வராத இடத்தில் சுட வேண்டும். அதுவும் துப்பாக்கிக்கு 300 குண்டுதான், மொத்தமே 15 விநாடிச் சுடுதல்.

பெரும்பாலான பைலட்களுக்கு இது கைவரவே இல்லை. ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மன் போன்றவர்கள் எதிரி கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொள்ளும் அளவு நெருங்கிப் போய்ச் சுட்டார்கள், அவ்வளவு கிட்டத்தில் கணக்கே தேவைப்படாது. கனடாக்காரர் ஜார்ஜ் பியர்லிங் வேறு ரகம். 1942-இல் மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்குச் சண்டையிட வந்தபோது வயது 20, சில மாதங்களில் அவர் பெயரில் 27 விமானங்கள் வீழ்ந்ததாகக் கணக்கு. தீவில் ஓடும் பல்லிகளைக் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பழகினார் என்று சொல்வார்கள், அதுவும் பல்லி தூரத்து எதிரி விமானத்தின் அளவுக்குத் தெரிகிற இடைவெளியில் நின்றுகொண்டு.

எல்லோரும் பியர்லிங் ஆக முடியாது என்பதால் கணக்கை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அதுதான் கைரோ குறிநோக்கி, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் உருவாகி 1944-இல் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்கர்கள் இதையே கே-14 என்ற பெயரில் தங்கள் மஸ்டாங் போர் விமானத்தில் மாட்டினார்கள். எனக்கு இதில் பிடித்தது அதன் எளிமை. எதிரியின் வேகம் இதற்குத் தெரியவே வேண்டாம். குறுக்கே போகிறவனை விடாமல் பின்தொடர உங்கள் விமானம் திரும்பித்தான் ஆக வேண்டும், அந்தத் திரும்பும் வேகத்தை குண்டு பறக்கும் நேரத்தால் பெருக்கினால் எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்ற கோணம் வந்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம்.

பெருக்கலைச் செய்வது ஒரு பம்பரம். வேகமாகச் சுழலும் கைரோவின் முனையில் சின்னக் கண்ணாடி, ஒளி வளையம் அதில் பட்டுத்தான் பைலட் முன் தெரியும். விமானம் திரும்பும்போது பம்பரம் உடனே திரும்பாமல் அடம்பிடிக்கும், கண்ணாடி பின்தங்கும், கூடவே வளையமும் பின்னால் நகரும். பம்பரத்தை இழுத்துக்கொண்டு வருவது மின்காந்தங்கள். இழுப்பு குறைந்தால் வளையம் அதிகம் பின்தங்கும், அதனால் தூர இலக்குக்கு மின்னோட்டத்தைக் குறைக்கிறார்கள். தூரத்தை அளப்பது பைலட் வேலை. எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை முன்பே திருகி வைத்துவிட்டு, சண்டையின்போது த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) கைப்பிடியை முறுக்கி, ஆறு வைரப் புள்ளிகளால் ஆன வளையத்தைச் சுருக்கியோ விரித்தோ அந்த இறக்கைக்குப் பொருத்த வேண்டும்.

குறையும் இருந்தது. ஓரிரு விநாடி நிதானமாகப் பின்தொடர்ந்தால்தான் வளையம் நிலைக்கும், எதிரி திடீரென்று புரண்டால் அது அலைபாயும்.

ஆகவே படத்தில் அந்தக் காட்சி வந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1940 என்றால் பையன் குண்டை வீணடிக்கிறான். 1944 என்றால் எதிரி வளையத்தின் நடுவில் இருப்பது சரிதான், ஆனால் விமானத்தின் மூக்கு அவனுக்கு வெகு முன்னால் வெறும் வானத்தை நோக்கி இருக்க வேண்டும்.