நிலையத்தைச் சுற்றி 800 மீட்டர்

ரயில் நிலையத்தைச் சுற்றி அடர்த்தியாகக் கட்டலாம் என்று வரைபடத்தில் வட்டம் போடுவது எளிது. வழக்கமான ஆரம் 800 மீட்டர், அதாவது பத்து நிமிட நடை. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 200 ஹெக்டேர். ஆனால் தெரு வழியேதானே நடக்க முடியும்? தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கட்டம் போல இருந்தாலே, அந்த நடைக்குள் எட்டுவது 128 ஹெக்டேர்தான். முட்டுச்சந்தும் நீண்ட மதிலும் அதையும் சுருக்கிவிடும். ஆகவே எல்லையை நடைதூரத்தால் வரைய வேண்டும். பெரிய மனைகளுக்கு ஊடே பொதுவழியும் விடச் சொல்ல வேண்டும்.

அடுத்தது தளப்பரப்புக் குறியீடு: மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு. இதை உயர்த்தினால் போதும் என்ற நம்பிக்கைதான் பல திட்டங்களைக் கவிழ்க்கிறது. மனை 1,000 சதுர மீட்டர், குறியீடு 3 என்று வையுங்கள். படிக்கட்டு, நடைவழி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 75 சதுர மீட்டர் என்றால் 40 வீடுகள் வரும். வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று விதிப்புத்தகத்தின் வேறொரு பக்கம் சொல்லும். கார் திரும்பும் பாதையோடு ஒன்றுக்குச் சுமார் 30 சதுர மீட்டர், மொத்தம் 1,200. மனையைவிடப் பெரிது! நிலத்தடியில் தோண்டினால் வீட்டு விலை ஏறும். தரைத்தளத்தில் நிறுத்தினால் கடைக்கு இடமில்லை. கார் வைக்காதவரும் அந்தச் செலவைச் சுமப்பார். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் இந்தக் கட்டாயத்தையே நீக்கியது.

வீடு மட்டும் இருந்தால் காலையில் ரயில் ஒரு திசையில் பிதுங்கும், எதிர்த்திசையில் காலியாக ஓடும். அலுவலகமும் கடையும் கலந்தால் இரு பக்கமும் ஆள் ஏறுவார்கள். அதற்காக எல்லாத் தெருவிலும் கீழே கடை கட்டாயம் என்றால், வாங்க ஆளின்றி ஷட்டர்கள் மூடிக் கிடக்கும். நிலையத்துக்குப் போகும் முதன்மைத் தெருவில் மட்டும் கட்டாயமாக்கலாம். மற்ற இடங்களில் தரைத்தள உயரத்தை 4 மீட்டருக்குக் குறையாமல் வைத்தால் போதும்: இன்று வீடு, நாளை கிளினிக். முன்பக்கம் பல மீட்டர் காலியிடம் விடச் சொல்லும் பழைய விதி நீடித்தால் அங்கே கார்தான் நிற்கும்.

குறியீடு உயரும் என்று தெரிந்ததுமே நில விலை ஏறிவிடும். கட்டுபவர் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டிய பங்கைப் பிறகு கேட்டால் கிடைக்காது. உயர்த்தும் அதே ஆணையில் எழுதியாக வேண்டும்.