தண்ணீரில் நின்றும் தாகத்தில் வாடும் செடிகள்

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் தோட்டத்தைப் போய்ப் பார்த்தேன். பப்பாளி தண்டு அடியில் கொழகொழவென்று அழுகிச் சாய்ந்திருந்தது. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் காணாத செடி மாதிரி தலை தொங்கி நின்றன. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "வாடிக் கிடக்குதேப்பா, ஒரு குடம் தண்ணி ஊத்து" என்றார். மண் அப்போது சேறாகத்தான் இருந்தது, ஆனால் செடியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து வேர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மழைநீர் தேங்கினால் அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும், அதனால் இருப்பு தீர்ந்ததும் புதிதாக வந்து சேர்வதில்லை. நம் ஊர் மண் மார்கழியிலும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் வேகமாகச் சுவாசித்து அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து வேர் செல் சுமார் 30 ஏடிபி எடுக்கும், இல்லாவிட்டால் வெறும் 2. செல்லின் வேலைக்கெல்லாம் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபிதான் அதன் கைச்செலவுக் காசு. அது குறைந்தால் செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, உடனே செல் சுவரை ஒட்டிய சவ்வில் இருக்கும் தண்ணீர்க் கதவுகள் மூடிக்கொள்கின்றன. அக்வாபோரின் என்பது அந்தக் கதவின் பெயர். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கதவு மூடினால் சுற்றிலும் குளமே இருந்தாலும் வேருக்குள் தண்ணீர் சரியாக ஏறாது. மேலே இலை தாகத்தில் வாடும்.

ஊட்டியில் ஜனவரி உறைபனியில் தேயிலை கருகுவதும் ஒருவகையில் இதே கதைதான். செல்களுக்கு வெளியே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, உள்ளே இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும், செல் வற்றிச் சாகும். சென்னைக்கு அந்தப் பயம் கிடையாது, இங்கே இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். நம் தோட்டத்துக்குக் கடுமையான குளிர்காலம் என்றால் அது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான்.

வெள்ளத்தில் மாட்டிய இலை மஞ்சளாகிக் கீழ்நோக்கி வளைவதற்கு எத்திலீன் காரணம், வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அதே வாயு. மூச்சுத் திணறும் வேர் அதன் மூலப்பொருளை மேலே அனுப்ப, காற்று படும் இலையில் அது எத்திலீனாக மாறுகிறது. எல்லாச் செடிக்கும் இந்தப் பாடு இல்லை. எங்கள் வீட்டுச் சேப்பங்கிழங்கும் கல்வாழையும் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றன, அவற்றின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய் மாதிரி வெற்றிடங்கள் இருப்பதால் இலையிலிருந்தே வேருக்கு ஆக்சிஜன் இறங்கிவிடும். நெல்லுக்கும் இதுதான் ரகசியம்.

தண்ணீர் வடிந்த பிறகு வரும் முதல் வெயில்தான் எனக்குப் பெரிய பயம். பாதி வேர் போயிருக்கும், இலையோ அத்தனையும் நீராவி விட்டுக்கொண்டிருக்கும். தொட்டிச் செடி என்றால் நிழலுக்கு மாற்றி, அடி ஓட்டையில் அடைத்திருக்கும் சேற்றைக் குத்தி எடுத்து, கொஞ்சம் இலையைக் கவாத்து செய்துவிடுங்கள். உரம் வேண்டாம், புண்பட்ட வேரில் அது எரிச்சலைத்தான் கூட்டும். ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, விரலால் நீவினால் தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், சாக்கடை வாடையும் அடிக்கும்.

அப்புறம், அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். மொட்டையாக நின்ற செம்பருத்தியின் நுனிக் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டினேன், பழுப்பு, வறட்சி. ஒரு ஜாண் கீழே சுரண்டினேன், மறுபடி பழுப்பு. தரையிலிருந்து முழங்கை உயரத்தில் தோலுக்கடியில் ஈரப் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையை ஒட்டி இருப்பதுதான் கேம்பியம், புதுச் செல்களைப் பெற்றெடுக்கும் மெல்லிய அடுக்கு. அது உயிரோடு இருந்தால் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளுக்கும் வாய்ப்பு உண்டு. சாதாரணமாக நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி அவற்றை உறங்க வைத்திருக்கும், நுனி செத்தாலோ வெட்டினாலோ அந்தத் தடை விலகும். பச்சை தெரிந்த இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டேன், தை கடைசியில் மூன்று துளிர் வந்தது.

கறிவேப்பிலை சுரண்டிய இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. அதையும் பிடுங்காமல் விட்டேன். மாசி பாதியில், செத்த தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, தப்பிப் பிழைத்த வேரிலிருந்து சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கன்று எழுந்து வந்திருந்தது. கிள்ளி முகர்ந்தேன், அதே வாசம்.