ஓவிய வகுப்பிலும் பாட்டு வகுப்பிலும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கற்பது என்ன?

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு வீதியில் நின்று பார்த்தாலே மலை தெரியும். அந்த மலையில் வளைவு உண்டு, மடிப்பு உண்டு. காலையில் ஒரு நிறம், மழைக்கு முன்னால் வேறொரு நிறம். ஆனாலும் "மலை வரை" என்று சொன்னால் இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. ஒன்றாம் வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டிய படத்தை ஐந்தாம் வகுப்பு முடியும்வரை கை திரும்பத் திரும்ப வரைகிறது. கை நன்றாகத்தான் வேலை செய்கிறது. பார்ப்பதற்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக்கென்று பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்பது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில். ஒன்று முதல் ஐந்துவரை எல்லாம் வகுப்பாசிரியர் தலையில். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டும் படமும் நிறையவே வருகின்றன. ஆனால் அங்கே பாட்டு, எழுத்தையும் எண்ணையும் சுமந்து வரும் வண்டி. சுருதியும் தாளமும், கோடும் நிறமும் தாமாக எதைக் கற்றுத் தருகின்றன என்பது தனிக் கேள்வி. பயிற்சி பெறாத ஆசிரியரும், வீட்டில் பெற்றோரும், படிகள் தெரிந்தால் இதைச் செய்ய முடியும்.

முதலில் பிள்ளையின் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நான்கைந்து வயதில் வரையும் ஆளுக்குத் தலை பெரிது, கைகள் தலையிலிருந்தே கிளம்பும். ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வந்துவிடும். வீடு, மரம், ஆடு எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். பஸ்ஸை வரைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கூடத் தெரியும். மாரியம்மன் நோம்பியை (கோயில் திருவிழாவை) வரையச் சொன்னால் கோயில் முன்னால் நடும் கம்பம் கோயிலைவிட உயரமாக நிற்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு நோம்பி என்றால் கம்பம்தான். இவை எதுவும் தப்பு அல்ல. இந்தப் படிநிலைகளை விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947-இலேயே வரிசைப்படுத்திவிட்டார். "கோயில்தானே கண்ணு பெருசு?" என்று திருத்தினால், அடுத்த முறை தன் படத்தை விட்டுவிட்டு நமக்குப் பிடித்த படத்தைத் தேட ஆரம்பித்துவிடும். "இந்த இடத்துல என்ன நடக்குது, சொல்லு கண்ணு" என்று கேட்டு, சொல்வதைத் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பதே போதும்.

உண்மையான சிக்கல் ஒன்பது, பத்து வயதில் வருகிறது. "நிஜம் மாதிரி வரல" என்று பிள்ளையே அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கும். பெரும்பாலோர் வரைவதை நிறுத்துவது இந்த வயதில்தான். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பார்த்து வரைவதைக் கற்பிக்க வேண்டியதும் அதனால்தான். ஆளுக்கு ஒரு வேப்பிலை கொடுங்கள். முதல் இரண்டு நிமிடம் பென்சில் வேண்டாம், விளிம்பை விரலால் தடவட்டும். நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் சமமாக இல்லை, அடியில் ஒரு பக்கம் அகலம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்த ஐந்து நிமிடம், கண் இலையின் விளிம்பில் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். ரப்பர் அன்றைக்கு மேசையில் இருக்கக் கூடாது. கோடு தவறினால் பக்கத்தில் இன்னொரு கோடு போடலாம். முதல் படம் கோணலாகத்தான் வரும். மூன்றாவது இலையில் பற்கள் விளிம்பில் சரியான இடத்தில் வந்து உட்காரும்.

கையைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் கடைசியானது குருத்தெலும்பிலிருந்து எலும்பாக மாறத் தொடங்கவே ஏறத்தாழப் பத்து, பன்னிரண்டு வயது ஆகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் மெல்லிய பென்சிலைக் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டச் சொன்னால் விரல் வலிக்கும், பிடி முஷ்டியாக மாறும். தடித்த கிரேயானை மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சின்னதை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரலால்தான் பிடிக்க வரும். எழுத்துக்கு வேண்டிய பிடியும் அதுவே. தாள் பெரிதாக, ஏ3 அளவில் இருந்தால் தோளும் முழங்கையும் சேர்ந்து வேலை செய்யும்.

வண்ணத்துக்குப் பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நான்கு போஸ்டர் கலர் பாட்டில்கள் ஒரு வகுப்புக்குப் பல மாதம் வரும். பச்சை வேண்டுமானால் மஞ்சளில் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும், ஏறத்தாழ நாலுக்கு ஒன்று. நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் பாட்டிலே தீர்ந்தாலும் பச்சை வெளிச்சமாக வராது, ஏனென்றால் நீலத்துக்கு ஆதிக்கம் அதிகம். எல்லாம் சேற்று நிறமாகிறது என்றால் மூன்று முதன்மை நிறங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி கழுவும் தண்ணீர்தான். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு டம்ளர்: ஒன்றில் கழுவ, ஒன்றில் நனைக்க. தூரிகையைத் துடைக்க ஒரு பனியன் துணி. திருப்பூர்ப் பக்கம் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. ஜெராக்ஸ் தாளில் தண்ணீர் வண்ணம் வேண்டாம். 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) தாளின் நார் தண்ணீரில் உப்பி, தாள் அலையலையாக வளையும், இரண்டாம் முறை தேய்த்தால் கிழியும். 150 ஜிஎஸ்எம்முக்கு மேல் உள்ள கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த ஓவியத் தாள், தாங்கும்.

பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு வெளிர் ரோஸ் குச்சி இருக்கும். நம் வகுப்பறையில் அந்த நிறத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை, ஆனாலும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனக்கும் அதையே தீட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு வகுப்பு ஒதுக்குவது கட்டாயம் என்பேன். மஞ்சளும் சிவப்பும் கலந்த ஆரஞ்சில் ஒரு சொட்டு நீலம் விட்டால் பழுப்பு. வெள்ளையும் இன்னொரு சொட்டு நீலமும் கூட்டிக் குறைத்து, தன் புறங்கைமேல் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கட்டும். புள்ளி கையோடு கலந்து மறைந்தால் அதுதான் அவர் நிறம். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பழுப்பு வரும். அவற்றை வரிசையாக ஒரே சார்ட்டில் ஒட்டி வையுங்கள்.

ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சளைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், நான்கு தேக்கரண்டி தண்ணீர், சில சொட்டுப் பசை. நன்றாகக் கலக்கித் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கும், அதனால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தபின் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துக் கோடு போட்டால் செம்பழுப்பாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்ப மஞ்சள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்யும் அதே வேலைதான். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும், வகுப்புக்கு அது வேண்டாம். இந்தப் படம் வெயில் படும் சுவரில் சில நாளில் வெளுத்துவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நெசவில் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் தெரிந்த ஊர்களில் தாள் நெசவு நல்ல பாடம். ஏ4 வண்ணத் தாளைக் குறுக்கே பாதியாக மடித்து, திறந்த விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து அந்தக் கோடுவரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்ட வேண்டும். விரித்தால் பத்துப் பாவு கிடைக்கும். ஊடைக்கு இன்னொரு நிறத்தில் 2 செ.மீ. அகலம், 21 செ.மீ. நீளத்தில் பன்னிரண்டு பட்டை. முதல் வரிசை மேலே-கீழே என்று தொடங்கினால் அடுத்தது கீழே-மேலே. எல்லாப் பிள்ளைகளும் இடறும் இடம் இது: இரண்டாவது வரிசையையும் மேலேயே தொடங்கினால் இரண்டு பட்டையும் ஒன்றன்கீழ் ஒன்று சரிந்து நெசவே பிடிக்காது. ஒவ்வொரு பட்டையையும் மேலே இறுக்கித் தள்ளாவிட்டால் பன்னிரண்டாவதுக்கு இடமிருக்காது. இது கைகூடியபின், பவானி ஜமக்காளத்தின் வண்ணப் பட்டைகளை மேசைமேல் விரித்து, எத்தனை வரிக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது என்று எண்ணச் சொல்லலாம். கணக்குப் பாடத்தின் வடிவ வரிசை தானாக வந்து சேரும்.

களிமண்ணில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆளுக்கு 300 கிராம் போதும். குளத்து மண்ணை நன்றாகக் காயவைத்து, உடைத்து, ஒரு நாள் முழுக்க ஊறப்போட வேண்டும். அரைகுறை ஈரத்தில் ஊறவைத்தால் கட்டி கரையாது. பத்துக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்தால் வெடிப்பு குறையும். குதிரை செய்தால் கால் உடைந்து விழுவதுதான் எப்போதும் வரும் புகார். ஒட்டும் இரண்டு இடத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த மண்சேற்றைத் தடவி அழுத்தினால் நிற்கும். நிழலில் நான்கைந்து நாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி வெடிக்கும்.

பாட்டுக்கு வருவோம். "இந்தப் பிள்ளைக்குப் பாட வராது" என்று சொல்வதற்கு முன்னால் எந்தச் சுருதியில் பாடச் சொன்னோம் என்று பார்க்க வேண்டும். ஐந்தாறு வயதுக் குரலுக்குச் சிரமமில்லாத இடம், கீபோர்டில் நடு 'சி'யை ஒரு கட்டை என்று வைத்தால், இரண்டு கட்டைக்கும் ஆறு கட்டைக்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 294 முதல் 440 ஹெர்ட்ஸ். ஆண் ஆசிரியர் தனக்கு வசதியான இடத்தில் தொடங்கினால் பிள்ளைகளுக்கு அது பாதாளம். சிலர் ஒரே சுரத்தில் முனகுவார்கள், சிலர் பேசிவிடுவார்கள். கைபேசிச் செயலியிலோ கீபோர்டிலோ சுருதியைக் கொடுத்துவிட்டு, நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் சேராத குரல்களுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் உதவும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே 'ஊ' என்று வழுக்கினால், பேச்சுக் குரலைத் தாண்டித் தனக்கு மேலே இன்னொரு குரல் இருப்பது பிள்ளைக்குப் பிடிபடும். பிறகு இரண்டே சுரம், ப-க. ஆசிரியர் ஒருமுறை, பிள்ளை ஒருமுறை, பெயரைச் சொல்லி. அடுத்து ப-த-ப-க. கர்நாடக இசையின் முதல் பயிற்சியான சரளி வரிசையை எட்டு வயதுக்கு முன் அவசரப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தில் ச-வுக்கும் ரி-க்கும் உள்ள சிறிய இடைவெளி சின்னக் காதுக்கு நழுவிப்போகும், நழுவியதே மனப்பாடமும் ஆகிவிடும். "நீ வாயை மட்டும் அசை" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. பலருக்கு அதற்குப் பிறகு வாயே திறக்காது. "சத்தமாப் பாடு" என்பதும் வேண்டாம், கத்தல்தான் வரும். குரல் கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சுருதி சேராததோடு, கூப்பிட்டால் திரும்பாமலும் இருந்தால் காதையும் சோதிக்க வேண்டும்.

தாளத்தில் எல்லா வகுப்பிலும் ஒரே கோளாறு: கைதட்டல் ஓடத் தொடங்கும். சத்தமாகத் தட்டும் நாலு பேரை மற்றவர்கள் துரத்துவதால் அது வருகிறது. உள்ளங்கையில் இரண்டு விரலால் மட்டும் தட்டச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பிப்பார்கள். மிக மெதுவான காலத்தில் (தாள வேகத்தில்) பிடித்து நிறுத்தப் பார்ப்பதும் பலிக்காது. சின்னப் பிள்ளைகளின் இயல்பான காலம் பெரியவர்களைவிட வேகமானது, நிமிடத்துக்கு 110, 120 அடியில் தொடங்குங்கள்.

தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டுக்கு ஊர்ப்பெயரே போதும். பழனி என்றால் தகிட, மூன்று. கொடுமுடி என்றால் தகதிமி, நாலு. பழனிமலை ஐந்து. பழனி கொடுமுடி ஏழு. கொடுமுடி பழனிமலை ஒன்பது. ஒன்றாம் வகுப்புக்கு நாலு மட்டும், மூன்றாம் வகுப்பில் மூன்றும் நாலும் மாற்றி மாற்றி, ஐந்தும் ஏழும் அதற்கு மேலே. வாயில் சொல், கையில் தட்டு, பிறகு வாயை மூடிக் கையில் மட்டும். கடைசிப் படியில் எண்ணிக்கை குலையாமல் நின்றால் தாளம் உள்ளே போய்விட்டது.

கும்மியையும் இப்படிப் படிப்படியாகத்தான் கற்பிக்க வேண்டும். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபின் கோவைப் பக்கத்துப் பள்ளிகளில் இந்தக் கலைக்குக் கூடுதல் மதிப்பு வந்திருக்க வேண்டும். பக்கத்து ஊரில் ஆசான் இருந்தால் ஒருநாள் அழைத்து வாருங்கள். பதினாறு பேருக்கு நான்கு மீட்டர் குறுக்களவில் கோலமாவால் வட்டம் போடுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது சுற்றில் எல்லோரும் நடுவில் மோதுவார்கள். முதல் நாள் காலடி மட்டும். அடுத்த நாள் காலடியோடு கைதட்டல். மூன்றாம் நாள்தான் பாட்டு. மூன்றையும் ஒரே நாளில் கொடுத்தால் முதலில் நின்றுபோவது பாட்டு.

கருவி வாங்கக் காசு இல்லையென்றால் கண்ணாடி டம்ளர் இருக்கிறது. தட்டினால் தண்ணீர் கூடக் கூடச் சத்தம் தாழும். குறுகிய வாய்ப் பாட்டிலில் ஊதினால் தண்ணீர் கூடக் கூடச் சத்தம் உயரும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்யவிட்டு, ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். முன்னதில் அதிர்வது டம்ளர், தண்ணீர் அதற்குச் சுமை. பின்னதில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, தண்ணீர் அதன் இடத்தைக் குறைக்கிறது. உடுக்கையின் கயிற்றை அழுத்தினால் தோல் இறுகி நாதம் ஏறுவதையும், பறையைத் தீயில் காய்ச்சுவதையும் பார்த்த பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் விளங்கும்.

ஆண்டுவிழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜனவரி முழுக்க ஒரே சினிமாப் பாட்டுக்கு நாற்பது பேர் ஆடிப் பழகினால், முன்வரிசையில் நிற்கும் ஆறு பேர் தவிர மற்றவர்கள் கற்பது நிற்கும் இடத்தைத்தான். மேடைக்கு வருவது வகுப்பில் ஏற்கெனவே கற்ற கும்மியாகவோ சொற்கட்டாகவோ இருக்கட்டும்.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு கோப்பு வைக்கலாம். ஜூன், அக்டோபர், பிப்ரவரியில் 'என் வீடு' என்ற ஒரே தலைப்பில் ஒரு படம், பின்பக்கம் தேதியும் பிள்ளை சொன்ன வாக்கியமும். அதே மாதங்களில் ஒரே பாட்டின் இரண்டு வரியைக் கைபேசியில் பதிந்து வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் முதல் படத்தையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் போட்டுக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு அந்த மேசையில் எழாது.