உறைதல்: கோயாகுலேஷனுக்குத் தமிழ்

‘கோயாகுலேஷன்’ என்ற மருத்துவச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘கோயாகுலும்’. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்து, பாலாடைக்கட்டி செய்வதற்காகப் பாலில் இடும் உறைபொருளுக்கே முதலில் அப்பெயர் இருந்தது. ஒன்றாக ஓட்டிச் சேர்த்தல் என்னும் வினையிலிருந்து அது பிறந்தது. இரத்தத்தைக் குறிக்க வந்தது பின்னர்தான்.

தமிழில் நாம் வழங்கும் ‘உறைதல்’ என்ற சொல்லும் பாலோடு பழகியதே. தயிருக்காகப் பாலில் விடும் சிறிதளவு மோருக்கு ‘உறை’ என்றே பெயர். சில ஊர்களில் அதைப் ‘பிரை’ என்பர். இவ்வழக்கு மிகப் பழையது. முதியவள் ஒருத்தியின் மகன் தனியொருவனாக நின்று பகைப்படை முழுவதையும் கலங்கடித்ததைச் சொல்லவரும் புறநானூற்றின் 276ஆம் பாடல், ஆயர்மகள் நகத்தால் தெறித்த சில துளி உறை ஒரு குடம் பாலையே மாற்றிவிடுவதை உவமையாக்குகிறது. (பால் ‘திரிவது’ வேறு, அது கெட்டுப்போவது. இரத்தத்தை யாரும் திரிந்தது என்று சொல்வதில்லை.)

அந்தச் சில துளியின் கணக்குதான் இரத்தத்திலும் நடக்கிறது. இரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்தவுடன் இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டித் தற்காலிக அடைப்பொன்றை உண்டாக்குகின்றன. அதே வேளையில் காயம்பட்ட திசுவிலிருந்து வெளிப்படும் ஒரு புரதம், இரத்தத்தில் செயலற்று மிதக்கும் உறைதல் காரணிகளில் ஒன்றைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பெருகி, முடிவில் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது. இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை அது வெட்டிவிட, வெட்டுண்டவை ஃபைப்ரின் இழைகளாகக் கோத்துக்கொண்டு, அணுக்களைச் சிறைப்பிடிக்கும் வலையாகின்றன. 1964இல் ஆய்வாளர்களான மேக்ஃபார்லேன் ஒருபுறமும், டேவி, ராட்னாஃப் இருவரும் மறுபுறமும் இத்தொடரை அருவிக்கு ஒப்பிட்டனர். விழும்போது அருவியின் நீர் பெருகுவதில்லை என்பதால், ஆயர்மகளின் உவமையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நம் தயிர் உறைவது நுண்ணுயிர்கள் ஆக்கும் புளிப்பால்; நொதி புரதத்தை வெட்டி உறையவைக்கும் முறையில் இரத்தத்துக்கு நெருங்கிய உறவு அந்த இலத்தீன் பாலாடைக்கட்டிதான்.

ஒரு சிக்கலும் உண்டு. நீர் பனிக்கட்டியாவதும் தமிழில் உறைதலே. இரத்த வங்கியைப் பற்றி எழுதும்போது ‘உறைந்த பிளாஸ்மா’ என்றால், குளிரால் உறைந்ததா, கட்டிப்பட்டதா என்ற ஐயம் எழும். அங்கே ‘உறைகுளிரில் வைத்த’ என்று விரித்து எழுதுவதே நல்லது. நிகழ்வுக்கு ‘உறைதல்’ என்றும், விளைந்த பொருளுக்கு ‘உறைகட்டி’ என்றும் பிரித்துக்கொள்வதும் தேவை. ‘இரத்தக்கட்டு’ என்பதை இதற்குப் பயன்படுத்தலாகாது. அடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கன்றிப்போவதையே மக்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

உறைகட்டி தேவையற்ற இடத்தில், குழாய்க்குள்ளேயே உண்டாவது ‘த்ராம்போசிஸ்’. கிரேக்க மொழியில் ‘த்ராம்போஸ்’ என்றால் கட்டி, திரளை. அது பெயர்ந்து சென்று வேறோரிடத்தில் அடைப்பதற்கு ‘எம்பாலிசம்’ என்ற பெயரை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்கோ தந்தார். முன்னதைக் ‘குழாயுறைவு’ என்றும் பின்னதைத் ‘தக்கையடைப்பு’ என்றும் சொல்லலாம். காலின் ஆழ்சிரையில் தோன்றிய குழாயுறைவு நுரையீரலில் தக்கையடைப்பாக முடிவதுண்டு என்பதால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது.

இரத்தம் எளிதில் உறையாத நோயான ‘ஹீமோஃபிலியா’வின் பெயர்க்கதை விசித்திரமானது. கிரேக்கத்தில் ‘ஹைமா’ இரத்தம், ‘ஃபிலியா’ நேசம். 1828இல் ஹாப்ஃப் எழுதிய ஆய்வேட்டின் வழியே நிலைத்த சொல் இது. இரத்தப்போக்கை நாடும் இயல்பு என்று கருதியிருக்கலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். தமிழில் ‘குருதி உறையாமை’ என்கிறோம். மூலத்தைவிடத் தெளிவானதுதான், ஆனால் சற்றே மிகை. உறைதல் காரணிகளில் 8ஆம் காரணி குறைந்த ஏ வகையிலும், 9ஆம் காரணி குறைந்த பி வகையிலும் இரத்தம் அறவே உறையாமல் இருப்பதில்லை. உறைகட்டி தாமதமாகவும் வலுவின்றியும் உருவாகிறது. சிறு கீறலைவிட, மூட்டுக்குள் கசியும் இரத்தமே இந்நோயாளிகளை அதிகம் முடக்குகிறது. ஆகவே, இரத்தம் சரிவர உறையாத மற்றொரு நோயான ஃபான் வில்பிராண்டு நோயையும் உள்ளடக்கிய பொதுப்பெயராகக் ‘குருதி உறைவுக் குறைபாடு’ என்பதையும், தனிநோயின் பெயராக ஹீமோஃபிலியா என்பதையும் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

உறைவதைத் தடுக்கும் மருந்துகளுக்கு ‘உறைவெதிர்ப்பி’ என்ற சொல் இருக்க, ‘இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை’ என்ற பேச்சுவழக்கு அச்சிலும் ஏறிவிட்டது. அத்தகைய மருந்தான வார்ஃபரின் இரத்தத்தில் ஒரு துளி நீரையும் கூட்டுவதில்லை. 2, 7, 9, 10ஆம் காரணிகளைக் கல்லீரல் முழுமையாக ஆக்குவதற்கு வைட்டமின் கே வேண்டும். அதன் பயன்பாட்டைத்தான் இம்மருந்து முடக்குகிறது. அந்தக் ‘கே’ என்ற எழுத்தும், ஜெர்மன் மொழியில் கோயாகுலேஷனின் முதலெழுத்தே.